ஆள் போகலாம், கோப்பு போகக்கூடாது: வேமோ – ஊபர் வழக்கு

2016 டிசம்பர் 13ஆம் தேதி, கூகுளின் ஓட்டுநர் இல்லாத கார் பிரிவில் வேலை பார்த்த ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் அவர்களுக்குப் பாகங்கள் செய்து தரும் ஒரு சப்ளையர். இணைப்பில் ஒரு சர்க்யூட் போர்டின் வரைபடம். உண்மையில் அது ஊபர் ஆட்களுக்குப் போகவேண்டிய கடிதம்; பெறுநர் பட்டியலில் தவறுதலாக இவர் பெயரும் சேர்ந்துவிட்டது. தலைப்பில் ‘ஓட்டோ’ என்ற பெயர் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு ஊபர் வாங்கிய, ஓட்டுநர் இல்லாத லாரிக் கம்பெனி அது. வரைபடத்தைத் திறந்து பார்த்தால், தெரிந்த முகம். நம்முடைய போர்டுதானோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒற்றுமை.

பத்து வாரம் கழித்து, 2017 பிப்ரவரி 23 அன்று, சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஊபர் மீது வேமோ வழக்குப் போட்டது. (கூகுளின் கார் பிரிவு அந்த டிசம்பரில்தான் வேமோ என்ற தனிக் கம்பெனியாகி, கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்டின் கீழ் வந்திருந்தது.)

இந்த வழக்கை எல்லோரும் திருட்டுக் கதையாகத்தான் சொல்வார்கள். துப்பறியும் அம்சம் அதில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இது வேறு காரணத்துக்காக முக்கியமாகப் படுகிறது. திறமையான ஆள் போட்டிக் கம்பெனிக்குப் போகும்போது, பழைய கம்பெனி அவரிடம் எதைத் திரும்பக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்ற கேள்வி இவ்வளவு வெளிச்சத்தில் அலசப்பட்ட சந்தர்ப்பம் அபூர்வம். இரண்டு பக்கமும் பணத்துக்குக் குறைவில்லை, வக்கீலுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் சட்டத்தின் கைக்கு எட்டியது கொஞ்சம்தான்.

யார் இந்த ஆள்

கூகுளின் கார் பிரிவிலிருந்து விலகி ஓட்டோவைத் தொடங்கியவர் ஆன்டனி லெவண்டோவ்ஸ்கி. பெர்க்லியில் படித்த பொறியாளர். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா 2004இல் ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்குப் பாலைவனப் பந்தயம் வைத்தபோது, எல்லோரும் காரும் லாரியும் கொண்டுவந்தார்கள். இவர் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தார். நிறுத்தினால் விழுந்துவிடும் வண்டியைத் தானாக ஓடவைக்கப் பார்க்கிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று அப்போதே கணித்திருக்கலாம். அந்த வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2007இல் ஸ்டான்ஃபோர்டின் ரோபோ ஆராய்ச்சியாளர் செபாஸ்டியன் த்ரன் குழுவோடு கூகுளுக்கு வந்து, தெருக்களைப் படம் பிடிக்கும் ஸ்ட்ரீட் வியூ வேலையில் சேர்ந்தார். பக்கத்திலேயே 510 சிஸ்டம்ஸ் என்று சொந்தமாக ஒரு கம்பெனியும் வைத்திருந்தார். கூகுளில் சம்பளம் வாங்கிக்கொண்டே, தன் கம்பெனியின் கருவிகளைக் கூகுளுக்கு விற்றார். 2008இல் அந்தக் கம்பெனி ஒரு டொயோட்டா பிரியஸைத் தானாக ஓடவைத்து, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக பீட்சா கொண்டுபோய்க் காட்டியது. மறுவருஷம் கூகுள் தன் கார் திட்டத்தை ‘சோஃபர்’ என்ற பெயரில் தொடங்கியது. 2011இல் 510 சிஸ்டம்ஸையே விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஆக, பக்கத்தில் ஒரு கடை போடுகிற பழக்கம் இவருக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. கூகுளுக்கு அது தெரியும். தெரிந்தே அதிலிருந்து லாபமும் பார்த்தது. நம் ஊரில் முதலாளிகள் “அவன் கொஞ்சம் அப்படித்தான், ஆனா வேலைக்காரன்” என்பார்களே, அந்த வகை ஏற்பாடு. பிறகு நடந்ததைப் பார்த்து அதிர்ச்சி அடைந்ததாகக் கூகுள் சொன்னபோது, அந்த அதிர்ச்சியில் பாதியைத்தான் என்னால் நம்ப முடிந்தது.

பணத்திலும் குறை வைக்கவில்லை. சோஃபர் திட்டத்துக்கென்று தனி போனஸ் ஏற்பாடு இருந்தது; திட்டத்தின் மதிப்பு ஏற ஏற, அதில் இருப்பவர்களின் போனஸும் ஏறும். லெவண்டோவ்ஸ்கிக்கு அதில் மொத்தம் சுமார் 12 கோடி டாலர் கிடைத்தது. ஆளைத் தக்கவைக்கப் போட்ட திட்டம் அது. ஆனால் பணம் கைக்கு வந்ததும், இனி வேலை போனாலும் பரவாயில்லை என்ற தைரியம் பலருக்கு வந்துவிட்டதாகவும், பழைய ஆட்கள் வரிசையாகக் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் 2017இல் புளூம்பெர்க் எழுதியது. தக்கவைக்கக் கொடுத்த பணமே வழிச்செலவாகிவிட்டது.

1872

போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால் தீர்ந்ததே, இவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது தெரியாதா என்று தோன்றும். எழுதி வாங்கினாலும் கலிஃபோர்னியாவில் அது செல்லாது. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா சிவில் சட்டம் சொன்னது. இன்று அது பிரிவு 16600 என்ற எண்ணில் இருக்கிறது.

இங்கே நமக்கு ஒரு தொடர்பு வருகிறது. அதே 1872இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. தற்செயல் அல்ல. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வக்கீல் நியூயார்க் மாநிலத்துக்காக எழுதிக்கொடுத்த வரைவிலிருந்துதான் இரண்டு இடத்துக்கும் இந்த வாசகம் போனது. வேடிக்கை என்னவென்றால், யாருக்காக எழுதினாரோ அந்த நியூயார்க் அதைச் சட்டமாக்கவில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பொறியாளரும் சிறுசேரியின் பொறியாளரும் ஒரே மனிதரின் கையெழுத்துக்குக் கீழே வேலை மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் நம் ஊர் ஆஃபர் லெட்டரில் வரும் “விலகிய பிறகு இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரமாட்டேன்” என்ற வரி? வேலை முடிந்த பிறகான தடையை அமல்படுத்த இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக மறுத்தே வந்திருக்கின்றன. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு விஷயம். 1967இல் வந்த நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கின் தீர்ப்பில், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் டயர் நூல் தயாரிக்கும் நுட்பம் கற்றுக்கொண்டு நடுவிலேயே இன்னொரு ஆலைக்குப் போனவரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வித்தியாசத்தை எந்த ஹெச்.ஆரும் சேரும் நாளில் விளக்கிச் சொல்வதில்லை. வரி செல்லாது என்பதைவிட, கையெழுத்துப் போட்டவர் அது செல்லும் என்று நம்புவதுதான் அவர்களுக்கு வேண்டியது.

கலிஃபோர்னியாவில் அந்தப் பூச்சாண்டிக்கும் பெரிதாக மதிப்பில்லை. 1957இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். ‘துரோகி எண்மர்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அவர்களில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் மறுபடி கிளம்பி இன்டெல்லைத் தொடங்கினார்கள். அந்த ஊரே இப்படிக் கிளம்பியவர்களால் எழுந்த ஊர். இல்லினாய் மாநிலத்தின் பக்கம் கதை வேறு: 1995இல் பெப்சிகோவிலிருந்து போட்டிக் கம்பெனியான குவேக்கருக்குப் போன ஓர் அதிகாரியை, புதிய வேலையில் பழைய ரகசியம் தவிர்க்க முடியாமல் வெளிப்பட்டுவிடும் என்று சொல்லி நீதிமன்றம் சில மாதங்களுக்குத் தடுத்து வைத்தது. கலிஃபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் அந்த வாதத்தை வெளிப்படையாக நிராகரித்தது.

ஆகவே கூகுளிடம் இருந்த முக்கிய ஆயுதம்: தொழில் ரகசியச் சட்டம். அதில் ஜெயிக்க, தகவல் உண்மையிலேயே வெளியே தெரியாததாக இருக்கவேண்டும். தெரியாமல் இருப்பதாலேயே அதற்கு மதிப்பு இருக்கவேண்டும். அப்புறம், கம்பெனி அதைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்கவேண்டும். மூன்றாவதில்தான் பல கம்பெனிகள் வழுக்கி விழும்.

2015 டிசம்பர்

வேமோவின் மனு சொன்ன கதை இது. டிசம்பர் 11 அன்று, லெவண்டோவ்ஸ்கி தன் கம்பெனி லேப்டாப்பில் அதற்கென்று ஒரு மென்பொருளை நிறுவி, வடிவமைப்புச் சர்வருக்குள் போய், 14,000க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிக்கொண்டார். மொத்தம் 9.7 ஜிபி. அதில் லைடார் சம்பந்தப்பட்டது மட்டும் 2 ஜிபி. டிசம்பர் 14 அன்று லேப்டாப்பில் ஒரு மெமரி கார்டு ரீடர் செருகப்பட்டது. சுமார் எட்டு மணி நேரம் இருந்தது. சில நாள் கழித்து அந்த லேப்டாப்பின் இயங்குதளமே அழிக்கப்பட்டுப் புதிதாகப் போடப்பட்டது. ஜனவரி 14 அன்று ஊபர் அதிகாரிகளைப் பார்த்தார். ஜனவரி 27 அன்று நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டார்.

லைடார் என்பது லேசர் கதிரை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று முப்பரிமாணத்தில் வரைந்து காட்டும் கருவி. காரின் கண். அப்போது கடையில் கிடைத்த உயர்தர லைடார் ஒன்றின் விலை 75,000 டாலர் அளவில் இருந்தது. காரைவிடக் கண் விலை அதிகம். சொந்தமாகச் செய்து அந்த விலையைத் தொண்ணூறு சதவீதம் குறைத்துவிட்டதாக வேமோவின் தலைவர் ஜான் கிராஃப்சிக் 2017 ஜனவரியில் சொன்னார். ஊபர் தரப்புக் கூட்டக் குறிப்பு ஒன்றில் லேசர்தான் குழம்புக்கு ருசி என்ற பொருளில் ஒரு வரி இருந்ததை வேமோ வக்கீல்கள் பின்னால் விடாமல் எடுத்துக் காட்டினார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது தேதிகளை. பதிவுகள் எல்லாம் 2015 டிசம்பரிலேயே கூகுளின் சர்வரில் இருந்தன. ஆள் போன அன்று யாராவது அவருடைய கடைசி இரண்டு மாத நடமாட்டத்தை ஓட்டிப் பார்த்திருந்தால், பிப்ரவரியிலேயே விஷயம் தெரிந்திருக்கும். 2016 மே மாதம் ஓட்டோ வெளியே வந்து, ஆகஸ்டில் ஊபர் அதைச் சுமார் 68 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாகச் செய்தி வந்த பிறகுதான் தோண்டுவது தீவிரமானது. போதாததற்கு, விசாரணைக்கு முன் வெளியான ஆவணங்களில் இன்னொரு சங்கடம். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்ட கூகுள் பொறியாளரே உள் மின்னஞ்சலில், அதில் இருப்பதற்குப் பெரிய மதிப்பில்லை என்று கருதி, கூகுள் கட்டமைப்புக்கு வெளியே வைக்கலாமா என்றுகூட யோசித்ததாக எழுதியிருந்தார். உள்ளே நுழைந்தால் எல்லாக் கோப்பும் மொத்தமாக இறங்கும்படிதான் அந்த மென்பொருளே வேலை செய்யும் என்பது ஊபரின் வாதம். மகுட ரத்தினம் என்று நீதிமன்றத்தில் சொன்னதை, அலுவலகத்தில் பரண் சாமானாக வைத்திருந்தார்களா? வேமோவுக்கு மிகவும் வலித்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

வாங்கியவர் வீட்டில்

ஊபர் என்ன செய்தது என்பது எனக்கு இன்னும் சுவாரசியமானது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஊபர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஓட்டோவும் ஊபரும் சேர்ந்து ஸ்ட்ராஸ் ஃப்ரீட்பெர்க் என்ற தடயவியல் நிறுவனத்தை அமர்த்தி, வரப்போகும் ஆட்களிடம் கூகுள் சமாச்சாரம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அந்த நிறுவனம் பார்த்தது. இருந்தது. லெவண்டோவ்ஸ்கியின் சொந்த லேப்டாப்பில் ஐம்பதாயிரம் அளவில் கூகுள் அலுவலக மின்னஞ்சல்கள். வீட்டில் கூகுள் தகவல் உள்ள ஐந்து டிஸ்குகள் கிடைத்ததாக அவரே சொன்னார். ஊபர் தலைவர் டிராவிஸ் கலானிக்கிடம் 2016 மார்ச்சில் அதைச் சொன்னதாகவும், அதெல்லாம் இங்கே கொண்டுவராதே என்று அவர் பதில் சொன்னதாகவும், பிறகு டிஸ்குகளை ஓக்லாந்தில் ஒரு கடையில் கொடுத்து அரைத்துவிட்டதாகவும் சொன்னார். அரைத்தது உண்மையா என்று உறுதிசெய்ய முடியவில்லை.

எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்றுதான் இந்த ஆய்வை வைத்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: பழைய கம்பெனி வழக்குப் போட்டால், குறிப்பிட்ட தவறான செயல்கள் உட்பட, ஊபர் பொறுப்பேற்கும். சந்தேகமே இல்லாதவர் இப்படி ஒரு வரியைப் போடுவாரா? அறிக்கை கைக்கு வந்து இரண்டு வாரத்தில் வாங்கியதை அறிவித்தார்கள். நோயாளியின் ரிப்போர்ட்டில் சர்க்கரை 400 என்று வந்த பிறகும் பந்தியில் ஜாங்கிரி வைத்த கதை.

பிறகு அந்த அறிக்கையை வெளியே விடாமல் இருக்க ஊபர் ஏழெட்டு மாதம் போராடியது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்று வாதாடியது. 2017 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. அக்டோபரில் அது பொதுவெளிக்கே வந்தது. தற்காப்புக்காக எழுதி வாங்கிய காகிதம், எதிராளியின் கையில் இருந்ததிலேயே கூர்மையான ஆயுதமானது.

ஆல்சப்பின் நீதிமன்றம்

வழக்கு நீதிபதி வில்லியம் ஆல்சப்பிடம் போனது. ஆரக்கிள் – கூகுள் வழக்கில் நிரலாக்கம் தெரிந்த நீதிபதி என்று பேர் வாங்கியவர். இந்த முறை விசாரணைக்கு முன் இரு தரப்பையும் கூப்பிட்டு லைடார் பற்றித் தனக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்.

வேமோ மனுவில் சின்னச் சின்ன ஆதாரங்களை அழகாகக் கோத்திருந்தது. தவறி வந்த மின்னஞ்சல் ஒன்று. இன்னொன்று, நெவாடா மாநில அதிகாரிகளிடம் ஓட்டோ கொடுத்திருந்த விவரம்: சொந்தமாகச் செய்த 64 லேசர் லைடார் என்று அதில் இருந்தது. பொது ஆவணக் கோரிக்கை போட்டு அதை வாங்கியிருந்தார்கள். அரசு அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம் காட்டிக்கொடுக்கும் என்று ஓட்டோவில் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

2017 மே மாதம் ஆல்சப் இடைக்கால உத்தரவு போட்டார். லெவண்டோவ்ஸ்கி லைடார் வேலையைத் தொடக்கூடாது. கோப்புகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவரிடம் அந்தக் கோப்புகள் இருப்பது தெரிந்தோ, தெரிந்திருக்கவேண்டிய நிலையிலோதான் ஊபர் அவரை எடுத்திருக்கிறது. அதோடு விடாமல், சிவில் வழக்கு நடக்கும்போதே விஷயத்தைக் குற்றவியல் விசாரணைக்கு ஃபெடரல் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பினார். ஆனால் அதே உத்தரவில் வேமோவுக்கும் ஒரு குட்டு விழுந்தது. இயற்பியலின் பொது விதிப்படி யாரும் போய்ச் சேரக்கூடிய வடிவமைப்பு முறைகளையெல்லாம் எங்கள் ரகசியம் என்று சொந்தம் கொண்டாட முடியாது என்றார். வேமோ முதலில் 121 ரகசியங்களைப் பட்டியல் போட்டிருந்தது. விசாரணைக்கு வரும்போது எட்டு மிஞ்சியது.

இந்த 121க்கும் எட்டுக்கும் நடுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஏழெட்டு வருஷம் ஒரே துறையில் வேலை பார்த்தவரின் மூளையில், எது கம்பெனியின் ரகசியம், எது அவருடைய அனுபவம்? எந்த வழியில் போனால் முட்டுச்சந்து என்று தெரிந்திருப்பதே பெரிய சொத்து. அதை மெமரி கார்டில் ஏற்றவேண்டியதில்லை, அழிக்கவும் முடியாது.

லெவண்டோவ்ஸ்கி தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் அரசியல் சாசன உரிமையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. ஒத்துழைக்கச் சொல்லிக் கேட்டும் மறுத்ததால், மே 30 அன்று ஊபர் அவரை வேலையைவிட்டு நீக்கியது. ஜூனில் கலானிக்கே பதவி விலகினார் (அதற்கு வேறு காரணங்கள் ஏராளம்). நவம்பரில், விசாரணை தொடங்கச் சில நாள் இருக்கும்போது, ஊபரின் முன்னாள் பாதுகாப்பு ஊழியர் ஒருவரின் வக்கீல் எழுதிய 37 பக்கக் கடிதம் இருப்பது ஆல்சப்புக்குத் தெரிந்தது. தானாக அழியும் செய்திச் செயலிகளைப் பயன்படுத்தித் தடயம் இல்லாமல் வேலை பார்க்கும் ஒரு பிரிவைப் பற்றிய குற்றச்சாட்டு அதில் இருந்தது. ஆல்சப்புக்கு அதைச் சொன்னது ஊபர் அல்ல, ஃபெடரல் வழக்கறிஞர் அலுவலகம். நீதிபதி கொதித்துப்போய் விசாரணையைத் தள்ளிவைத்தார்.

2018 பிப்ரவரி 5 அன்று ஜூரி முன்னால் விசாரணை தொடங்கியது. கலானிக் கூண்டில் ஏறினார். அவருக்கு லெவண்டோவ்ஸ்கி அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்று பேசப்பட்டது: இரண்டாம் இடம் என்றால் தோற்றவர்களில் முதலாவது என்று பொருள். ஆனால் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. 14,000 கோப்புகள் ஊபரின் சர்வருக்குள் வந்ததற்கோ, அவற்றை வைத்து ஊபர் லைடார் செய்ததற்கோ வேமோவிடம் நேரடிச் சாட்சியம் இல்லை. எடுத்தார் என்பதில் சந்தேகமில்லை. பயன்பட்டதா என்பதில்தான் வழக்கு தொங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் சமரசம். ஊபரின் 0.34 சதவீதப் பங்கு வேமோவுக்கு. ஊபரின் மதிப்பை 7,200 கோடி டாலராக வைத்துக் கணக்கிட்டால் சுமார் 24.5 கோடி டாலர். வேமோவின் ரகசியத் தகவல் எதையும் தன் கருவியிலோ மென்பொருளிலோ சேர்க்கமாட்டேன் என்று ஊபர் உறுதி கொடுத்தது. புதிய தலைவர் தாரா கோஸ்ரோஷாஹி வருத்தம் தெரிவித்தார். ரகசியம் தங்களிடம் வந்ததாகத் தாங்கள் நம்பவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். வேமோ முன்பு கேட்ட நஷ்டஈடு 180 கோடி டாலருக்கும் மேல். இதில் இன்னொரு முறுக்கு: கூகுளின் முதலீட்டுப் பிரிவு 2013லேயே ஊபரில் 25.8 கோடி டாலர் போட்டிருந்தது. வழக்குப் போட்டவரும் ஏற்கெனவே எதிராளியின் பங்குதாரர். சமரசத்தில் இன்னும் கொஞ்சம் பங்கு சேர்ந்தது, அவ்வளவுதான்.

நாற்பது பேர் போன கதை

இதே ஊபர், இந்த வழக்குக்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 தொடக்கத்தில், பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தேசிய ரோபோ பொறியியல் மையத்திலிருந்து சுமார் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. இயக்குநர் உட்பட. அந்த மையத்தின் முதுகெலும்பே போனது என்று சொல்லலாம். பல ஆண்டுகளின் ஆராய்ச்சி அறிவு அத்தனையும் சில கிலோமீட்டர் தள்ளி வேறு கட்டடத்துக்கு நடந்து போனது. அதற்காக ஒரு வழக்கும் நீதிமன்றம் ஏறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஊபர் பல்கலைக்கழகத்துக்கு 55 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது, எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பது தலைகள் போனது சந்தை நடப்பு. ஒரு மெமரி கார்டு போனது ஃபெடரல் குற்றம். எதில் இழப்பு அதிகம் என்று கேட்டால், எனக்கென்னவோ பிட்ஸ்பர்க் என்றுதான் தோன்றுகிறது. லெவண்டோவ்ஸ்கி அந்தக் கோப்புகளைத் தொடாமல், வெறுங்கையோடு, தன் தலையையும் கூட வரச் சம்மதித்த ஆட்களையும் மட்டும் கொண்டுபோயிருந்தால், வேமோவின் வக்கீல்களுக்குக் கையில் பிடிக்க மிகக் கொஞ்சமே இருந்திருக்கும். அவற்றை வடிவமைத்த குழுவில் முக்கியமானவரே அவர்தான். அந்தக் கோப்புகள் அவருக்கு அவ்வளவு தேவையா என்பதற்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனதற்கும் அவர் விலை கொடுத்தார், ஆனால் அது வேறு வாசல் வழியாக. ஊபர் மீது வழக்குப் போடுவதற்கு முன்பே, 2016 அக்டோபரில், வேலை ஒப்பந்தத்தை மீறிச் சக ஊழியர்களை இழுத்தார் என்று கூகுள் தனியாக மத்தியஸ்தத்துக்குப் போயிருந்தது. அதில் கடைசியில் 17.9 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் நீதிமன்றம் அதை உறுதி செய்த அன்றே அவர் திவால் மனு போட்டார். பொறுப்பேற்கிறேன் என்று எழுதிக்கொடுத்த ஊபர், கட்ட மறுத்தது. பிறகு அது தனித் தகராறாகி 2022இல் சமரசத்தில் முடிந்தது.

குற்ற வழக்கில் 2019 ஆகஸ்டில் 33 குற்றச்சாட்டுகள் பதிவாயின. 2020இல் ஒன்றை ஒப்புக்கொண்டார். எதை? லைடார் வரைபடத்தை அல்ல. திட்டத்தின் வாராந்திர முன்னேற்றம், இலக்குகள், சிக்கல்கள் எல்லாம் குறித்து வைத்த ஓர் உள் ஆவணத்தை. வாராவாரம் சலிப்போடு நிரப்பும் அந்த மாதிரி ஷீட் எந்தக் கம்பெனியிலும் இருக்கும். அதைப் பூட்டி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் போட்டியாளருக்கு, எது ஓடுகிறது, எது தடுமாறுகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆகஸ்ட் 4 அன்று ஆல்சப் 18 மாதச் சிறை விதித்தார். தான் பார்த்ததிலேயே பெரிய தொழில் ரகசியக் குற்றம் இது என்றார். கொரோனா அடங்கிய பிறகு உள்ளே போகலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது. போகவே இல்லை. 2021 ஜனவரியில், பதவி முடியும் நேரத்தில், டொனால்ட் டிரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

பூட்டு எங்கே இருந்தது

இந்த வழக்கில் வேமோவை நிற்கவைத்தது எது என்று யோசித்தால், ஒப்பந்தம் இல்லை, போனஸ் இல்லை, வக்கீல்களின் பேச்சும் இல்லை. சர்வர் பதிவேடு. யார், எந்த நாள், எந்தக் கருவியிலிருந்து, எத்தனை கோப்பு என்று சும்மா எழுதிக்கொண்டே இருந்த அந்த லாக். அது இல்லையென்றால் தவறி வந்த மின்னஞ்சல் ஒரு வதந்தியாகவே முடிந்திருக்கும்.

ஆனால் லாக் எழுதினால் போதாது, படிக்க ஆள் வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) விலகும் நாளில் ஒரு படிவம் சுற்றிவரும்: ஐடி கார்டு, லேப்டாப், நூலகப் புத்தகம், கேன்டீன் பாக்கி. கேன்டீன் பாக்கி நூற்றிச் சொச்சம் ரூபாயை வாங்காமல் ரிலீவிங் லெட்டர் கொடுக்கமாட்டார்கள். கடைசி மாதத்தில் எதை எல்லாம் இறக்கினாய் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. பெரும்பாலான இடங்களில் இதுதான் நிலைமை என்பது என் ஊகம். நோட்டீஸ் கொடுத்த அன்றைக்கே முந்தைய அறுபது நாளைத் திருப்பிப் பார்ப்பது, சொந்த மெயிலில் என்ன கிடக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குவது, எடுத்தது இருந்தால் சண்டையில்லாமல் திருப்பித் தர ஒரு வாய்ப்புக் கொடுப்பது. இவ்வளவுக்கு ஒரு நாள் வேலை. நீதிமன்றம் போனால் வருஷக்கணக்கு.

இந்தியாவில் இன்னும் சிரமம் அதிகம், ஏனென்றால் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஒப்பந்த மீறல், நம்பிக்கை மீறல், பதிப்புரிமை என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வாதாடவேண்டும். தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில், 2024 மார்ச்சில், வரைவோடு பரிந்துரைத்தது.

எடுக்கும் பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். புதிதாக வருபவரிடம் “பழைய இடத்து டெம்ப்ளேட் ஏதாவது இருக்கா?” என்று முதல் வாரத்திலேயே கேட்கிற மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். ஏதோ எக்ஸெல் ஷீட்தானே என்ற நினைப்பு. லெவண்டோவ்ஸ்கி ஒப்புக்கொண்ட குற்றமும் அந்த ரகம்தான்.

ஊபர் 2018இல் லாரித் திட்டத்தை மூடியது. 2020 டிசம்பரில் கார் பிரிவையே, ஓட்டுநர் இல்லாத வண்டிக் கம்பெனியான அரோராவுக்குக் கைமாற்றியது. அரோராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் அர்ம்சன், கூகுள் கார் திட்டத்தை முன்பு நடத்தியவர். லெவண்டோவ்ஸ்கியோடு அங்கே ஒத்துப்போகாதவர். அவரும் 2016இல் கூகுளைவிட்டு வெளியே வந்தவர்தான்.

2023 மே மாதம் வேமோவும் ஊபரும் கூட்டு அறிவித்தன. அந்த அக்டோபரிலிருந்து ஃபீனிக்ஸ் நகரில் ஊபர் செயலியில் வண்டி கேட்டால், ஓட்டுநர் இருக்கை காலியாக ஒரு வேமோ வந்து நிற்கலாம் என்றானது. 2025இல் ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் வந்தது. அந்த ஊர்களில் வண்டியைக் கழுவி, சார்ஜ் போட்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊபருடையது.